ஒரே சப்நெட்டில் இரண்டு நெட்வொர்க் கார்டு: லினக்ஸுக்கான முழுமையான வழிகாட்டி

சர்வரில் இரண்டு கார்டு இருக்கின்றன. இரண்டையும் ஒரே சுவிட்சில் செருகி 192.168.1.10, 192.168.1.11 என்று ஐபி கொடுத்துவிட்டால் வேகம் இரட்டிப்பாகும் எனப் பலர் நம்புகிறார்கள். ஆகாது. வெளியே போகும் பாக்கெட்டுகள் பெரும்பாலும் ஒரே கார்டு வழியாகத்தான் போகும்.

முதலில், எதற்காக?

ஒரு கேபிள் போனால் இன்னொன்று தாங்க வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால் பாண்டிங் போதும். ‘ஆக்டிவ்-பேக்கப்’ முறை எந்தச் சுவிட்சிலும் ஓடும். வேகமும் வேண்டுமென்றால் 802.3ஏடி முறை, அதற்குச் சுவிட்சில் எல்ஏசிபி வசதி தேவை. அப்போதும் ஒரு தனி இணைப்பு ஒரு கார்டின் வேகத்தைத் தாண்டாது. ஐஸ்கஸி ஸ்டோரேஜுக்கு இரண்டு தனிப் பாதை வேண்டும், ஒவ்வொரு முகவரியும் தன் கார்டிலேயே இயங்க வேண்டும் என்பவர்கள் மட்டும் மேலே படியுங்கள்.

குழப்பம் எங்கே?

லினக்ஸைப் பொறுத்தவரை ஐபி முகவரி கணினிக்குச் சொந்தம், கார்டுக்கு அல்ல. “192.168.1.11 யாரிடம்?” என்று ஏஆர்பி கேள்வி வந்தால் இரண்டு கார்டும் பதில் சொல்லும். எந்தப் பதிலை மற்ற கணினி நினைவில் வைக்கிறதோ, டிராஃபிக் அந்தக் கார்டுக்குப் போகும். போதாததற்கு, ரூட்டிங் டேபிளில் ஒரே சப்நெட்டுக்கு இரண்டு பாதைகள் இருக்கும். கெர்னல் அவற்றில் ஒன்றையே பிடித்துக்கொள்ளும்.

படி 1: முகவரி

இரண்டுக்கும் /24. டீஃபால்ட் கேட்வே (இங்கே 192.168.1.1) முதல் கார்டுக்கு மட்டும். இந்த வேலையை எஸ்எஸ்எச் வழியாகச் செய்யாமல் கன்சோலில் உட்கார்ந்து செய்யுங்கள். பாதை மாறும்போது இணைப்பு அறுந்துபோகலாம்.

படி 2: ஏஆர்பி

சிஸ்சிடிஎல் அமைப்பில் ஏஆர்பி_இக்னோர் மதிப்பை 1 ஆக்குங்கள்: எந்தக் கார்டில் அந்த ஐபி இருக்கிறதோ அதுவே பதில் சொல்லும். ஏஆர்பி_அனௌன்ஸ் 2. ஆர்பி_ஃபில்டர் 2 என வைப்பது பாதுகாப்பானது. 1 என்றால், கெர்னல் எதிர்பார்க்காத கார்டில் வரும் பாக்கெட் சத்தமில்லாமல் தூக்கி எறியப்படும்.

படி 3: தனி ரூட்டிங் டேபிள்

உயிர்நாடி இதுதான். கட்டளைகளின் உச்சரிப்பைத் தமிழில் தருகிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் (ஈத்1 என்பது .11 உள்ள இரண்டாவது கார்டு):

ஐபி ரூட் ஆட் 192.168.1.0/24 டெவ் ஈத்1 டேபிள் 101
ஐபி ரூட் ஆட் டீஃபால்ட் வயா 192.168.1.1 டெவ் ஈத்1 டேபிள் 101
ஐபி ரூல் ஆட் ஃப்ரம் 192.168.1.11 டேபிள் 101

முதல் கார்டுக்கும் இதே மூன்று வரி, அந்தக் கார்டின் பெயர், .10 முகவரி, டேபிள் 100 ஆகியவற்றுடன். 253 முதல் 255 வரையிலான எண்களைத் தொடாதீர்கள், அவை கெர்னலுக்குரியவை. இனி .11இலிருந்து கிளம்பும் பதில் இரண்டாவது கார்டு வழியாகவே போகும். ஆனால் மூல முகவரியைக் குறிப்பிடாத அப்ளிகேஷன் தானாகத் தொடங்கும் இணைப்பு, பழையபடி மெயின் டேபிள் சொல்லும் கார்டு வழியாகத்தான் கிளம்பும். இரண்டாவது கார்டு வேண்டுமென்றால் அப்ளிகேஷனிலேயே .11ஐக் குறிப்பிட வேண்டும்.

படி 4: நிலைப்படுத்தல்

ரீபூட் செய்தால் இவை அழிந்துவிடும். நெட்பிளான் அல்லது நெட்வொர்க்மேனேஜரில் பாதைகளையும் விதிகளையும் எழுதுங்கள். ஏஆர்பி மதிப்புகள் சிஸ்சிடிஎல் கோப்பில்.

படி 5: சோதனை

அதே நெட்வொர்க்கின் வேறொரு கணினியிலிருந்து ‘ஏஆர்பிங்’ மூலம் .11ஐக் கேளுங்கள். ஒரே ஒரு மேக் முகவரி வர வேண்டும். இரண்டு வந்தால் படி 2 பிடிக்கவில்லை.

இரண்டாவது கார்டைத் தனி விலானில், தனி சப்நெட்டில் வைக்க வழி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். படி 2, 3 பெரும்பாலும் தேவைப்படாது.