இணைப்புத்திசு நோயும் நுரையீரற் படமும்

இணைப்புத்திசு நோய் மூட்டோடும் தோலோடும் நின்றுவிடும் என்று எண்ணுவார் நம்மிற் பலர். உறுப்புக்களைப் பிணைத்து நிற்கும் இத்திசு நுரையீரலினுள்ளும் பரவியிருத்தலின், அங்கும் நோய் புகும். ஸ்கிளிரோடெர்மா என்னும் தோலிறுக்க நோயுற்றார்க்கு முதலிற் குளிரால் விரல்நுனி வெளுக்கும். இக்குறியை 1862 இல் ரேனோ என்னும் பிரெஞ்சு மருத்துவர் விரித்துரைத்தார். நம் கடலூர்ச் சீமையில் அத்தகைய குளிர் ஏது என்பார்க்கு, மார்கழி விடியலிற் பாத்திரம் துலக்கும் தண்ணீரே போதும் என்போம். பின்னர்த் தோல் இறுகும். சிலர்க்கு நுரையீரலின் நுண்ணறைச் சுவர் தடித்து மூச்சு இளைக்கும். அவ்விளைப்பை முதுமையின்மேலும் சோகையின்மேலும் ஏற்றி, காலத்தை வீணே கழிப்பார் பலர்.

எக்ஸ் கதிர்ப் படம் நுரையீரலின் உருவைக் காட்டும். அணு மருத்துவப் படமோ அதன் தொழிலைக் காட்டும். வீராணத்து ஏரியின் வரைபடத்தைக் கொண்டு வாய்க்கால்களை எண்ணலாம்; கடைமடைக்குத் தண்ணீர் ஏறிற்றா என்பதை அதனால் அறிதல் இயலாது. அதனை அறிவது போன்றதே இச்சோதனை.

இதற்குப் பயன்படுவது டெக்னீஷியம். 1937 இல் இத்தாலியில் பெரியரும் செக்ரேயும் கண்ட தனிமம் இது. மருத்துவர் கையாளும் வகை 6 மணி நேரத்திற் பாதியாய்க் குறைந்துவிடும். ஆதலின் 66 மணி நேரத்திற் பாதியாகும் மாலிப்டினத்தை ஒரு கலத்தில் அடைத்து அனுப்பி, வேண்டும்போது அதினின்றும் டெக்னீஷியத்தை வடித்தெடுப்பர். அக்கலத்தைப் பசு என்றும், வடித்தலைக் கறத்தல் என்றும் அத்துறையினர் வழங்குவது சுவையானதே.

சோதனை இருவகைப்படும். ஒன்றில், டி.டி.பி.ஏ. என்னும் பொருளோடு சேர்த்த மருந்தை நுண்பனியாக்கி நோயாளர் உள்ளிழுப்பர். நுண்ணறைச் சுவரைக் கடந்து அது குருதியிற் கலக்கும் வேகத்தைக் காமாக் கருவி அளக்கும். நலமுடையாரிடத்து அது பாதியாக ஏறக்குறைய ஒரு மணி நேரமாகும். சுவர் அழற்சியுற்றால் விரைந்து நீங்கும். புகைபிடிப்பாரிடத்தும் அவ்வாறே விரையுமாதலின், இதனை மட்டும் கொண்டு நோயைத் துணிதல் ஒவ்வாது. நுரையீரல் தழும்பேறியதைக் காண இந்நாளில் நுண்பகுப்பு சி.டி. படமே முதன்மையானது.

மற்றொன்றில், தந்துகிகளினும் சற்றே பெரிய அல்புமின் துகள்கள் சில இலட்சத்தை நோயாளரைப் படுக்கவைத்து நரம்பு வழியே செலுத்துவர். அவை ஆயிரத்தில் ஒரு தந்துகியையேனும் அடையா. சில மணி நேரத்திற் கரைந்தும் போம். காற்றுப் புகும் இடத்திற் குருதி செல்லாதிருப்பின், குருதிக்கட்டியை ஐயுறுதல் வேண்டும். இணைப்புத்திசு நோயாளர்க்கு நுரையீரல் நாடியில் அழுத்தம் மிகும்போது இச்சோதனையின் அருமை விளங்கும். நோயாலே வந்த அழுத்தத்துக்கு மருந்து ஒருவகை. பழங்கட்டியால் வந்ததாயின் அறுவையால் அதனை நீக்கவும் கூடும். படம் குறையின்றி அமைந்தாற் பழங்கட்டி இல்லையென்றே பெரும்பாலும் கொள்ளலாம்.

சிதம்பரத்தில் 1985 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் நிறுவிய மருத்துவக் கல்லூரி 2021 இல் அரசின்பாற் சென்று, சிதம்பரத்தில் இருந்துகொண்டே கடலூர்ப் பெயர் பூண்டது. நம் மாவட்டத்தார்க்கு அண்மையில், புதுச்சேரி ஜிப்மரில் அணு மருத்துவத் துறை உண்டு. கருவுற்றார் அதனை முன்னரே மருத்துவர்க்கு அறிவித்தல் வேண்டும். பாலூட்டும் தாய்மார் எவ்வளவு நேரம் நிறுத்தல் வேண்டுமென்று அங்கேயே கேட்டறிக. அல்புமின் சோதனைக்கு 12 மணி நேரம் என்பது பொதுவாக வழங்கும் அளவு.