எஞ்சினைத் தாங்கும் ரப்பர்

இடுக்கி மாவட்டத்தில் வண்டிப்பெரியாற்றை அடுத்துச் சத்திரம் என்றோர் ஊர் உண்டு. அங்கே தேசிய மாணவர் படைக்கென அமைத்த ஓடுதளத்தில் 2022 டிசம்பர் 1ஆம் நாள் முதன்முதலாக ஒரு சிறு விமானம் இறங்கியது. 'வைரஸ் எஸ்.டபிள்யூ. 80' என்பது அதன் பெயர். ஈற்றிலுள்ள 80 எஞ்சினின் குதிரைத்திறன். தாத்தா காலத்தில் தேயிலைத் தோட்ட வேலைக்கு மலையேறிய தமிழ்க் குடும்பம் எங்களுடையது. தலைக்கு மேலே மேகத்தை மட்டுமே கண்டு வளர்ந்த எனக்கு அச்செய்தி தந்த மகிழ்ச்சி சொல்லில் அடங்காது.

அதே மாவட்டத்தில், தொடுபுழைப் பக்கத்தில், சஜி தாமஸ் என்பவர் இருக்கிறார். பிறவியிலேயே செவியும் பேச்சும் இல்லாதவர். பள்ளிப் படிப்பையும் நடுவில் விட்டவர். அவர் தம் கையாலேயே செய்த சிறு விமானம் 2014இல் திருநெல்வேலிச் சீமையின் மணிமுத்தாற்றில் பறந்தது. இப்படி வீட்டிலேயே விமானம் செய்ய முனைவோர் யாவரும் விடை காண வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எஞ்சினுக்கும் விமான உடலுக்கும் இடையே வைக்கும் ரப்பர்த் தாங்கி எத்தகையதாக இருக்க வேண்டும்?

"இதில் என்ன யோசனை? மெத்தென்று இருக்கும் ரப்பராகப் பார்த்து வைத்தால் போயிற்று" என்றான் விடுதியில் என் அறைத் தோழன். அவன் பாலக்காட்டு எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறைக்காரன். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணினேன். மாமாவின் பழைய ஜீப்பில் மவுண்டிங் ரப்பர் இற்றுப்போனபோது, கிடைத்த மெதுவான ரப்பரை வெட்டி நானே வைத்தேன். மேட்டில் ஏறும்போது வண்டி பூப்போல ஓடியது. நிறுத்தி வைத்தாலோ ஸ்டியரிங் குலுங்கியது. "ஓடும்போது நல்லாத்தான்டா இருக்கு, நிக்கும்போதுதான் பேயாட்டம் ஆடுது" என்றார் மாமா. காரணம் எனக்கு விளங்கியது கல்லூரிக்கு வந்த பிறகே.

ரப்பர்மேல் அமர்ந்த எஞ்சின், வில்சுருள்மேல் வைத்த கல்லைப் போன்றது. தட்டிவிட்டால் தனக்கே உரிய ஒரு வேகத்தில் ஆடும். அதுவே இயல்பு அதிர்வெண். இதை அறிய ஓர் எளிய வழி உண்டு. எஞ்சினின் எடையால் ரப்பர் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று பாருங்கள். அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 15.8ஐ வகுத்தால், நொடிக்கு எத்தனை அதிர்வு என்பது கிடைக்கும். 1 மில்லிமீட்டர் அமுங்கினால் சுமார் 16, 2.5 அமுங்கினால் 10, 6.25 அமுங்கினால் 6.3.

இனி, வெளியிலிருந்து வரும் அதிர்வு. அது இயல்பு அதிர்வெண்ணைப்போல் 1.41 மடங்குக்கு மேற்பட்டால்தான் ரப்பர் அதைத் தடுக்கும். அதற்குக் கீழே தடுக்காது, பெருக்கியே கொடுக்கும். இரண்டும் சமமானால் ஒத்ததிர்வு. ஊஞ்சலை அதன் ஓட்டத்துக்கு இசையத் தள்ளுவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

80 குதிரைத்திறனுள்ள ரோட்டாக்ஸ் 912 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதில் எஞ்சின் 2.27 சுற்றுச் சுற்றினால் முன்விசிறி ஒரு சுற்றுச் சுற்றும். விசிறியின் எடை ஒரு பக்கம் சிறிது கூடினாலும் சுற்றுக்கு ஒரு குலுக்கல். பறக்கும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்று என்றால் விசிறி நொடிக்கு 36.7 சுற்று. தரையில் 1400 என்றால் நொடிக்கு 10.3.

2.5 மில்லிமீட்டர் அமுங்கும் தாங்கியை வைத்துப் பார்ப்போம். பறக்கும்போது விசிறியின் குலுக்கலில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் உடலுக்கு எட்டும். தரையில் நிற்கும்போதோ 10க்கு 10.3, ஏறத்தாழ முழு ஒத்ததிர்வு! மாமாவின் ஜீப் ஆடிய பேயாட்டமும் இந்த இனத்ததே.

அப்படியானால் இன்னும் மெதுவான ரப்பரை, 6.25 மில்லிமீட்டர் அமுங்குவதை, வைக்கலாமா? அதிர்வு குறையும்; மெய்தான். ஆனால் காற்றில் திடீரென்று நான்கு மடங்கு பாரம் விழும் வேளையில் எஞ்சின் 25 மில்லிமீட்டர் இறங்கும். மூடி உரசும்; எரிபொருள் குழாய் இழுபடும்; வேகம் கூட்டும் கம்பி தானாகவே அசையும். கடினமான ரப்பரை, 1 மில்லிமீட்டர் அமுங்குவதை, வைத்தாலோ பறக்கும்போதே நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக அதிர்வு உடலுக்கு வந்து சேரும். எஞ்சின் 2150 சுற்றைத் தொடும்போது ஒத்ததிர்வும் உண்டு.

ஆக, ஒத்ததிர்வை ஒழிக்க இயலாது. எஞ்சின் தங்கி நிற்காத இடத்துக்கு அதை ஒதுக்க இயலும். நான் தேர்வது முதலில் சொன்ன 2.5 மில்லிமீட்டர்த் தாங்கியையே. ஆனால் தரையில் எஞ்சினை 1400இல் விடாமல் 2000இல் ஓடவிட வேண்டும். அப்போது விசிறி நொடிக்கு 14.7 சுற்று, 1.41 மடங்கு என்ற எல்லையைத் தாண்டிவிட்டோம். கிளப்பும்போதும் நிறுத்தும்போதும் மட்டும் நொடிப்பொழுது குலுக்கல் வரும். அதை விரைந்து கடந்துவிட வேண்டும். தாங்கியையும் ஓட்ட வேகத்தையும் சேர்த்தே தேர்வு செய்ய வேண்டும் என்பதே இதன் பாடம்.

இது மேலும் கீழுமான ஆட்டத்துக்கு மட்டும் போட்ட கணக்கு. எஞ்சின் பக்கவாட்டிலும் ஆடும், புரளவும் செய்யும். ஒவ்வொன்றுக்கும் தனி அதிர்வெண் உண்டு. எனவே எஞ்சின் செய்தவர் தரும் வரைபடத்தை மீறலாகாது.

இன்னும் மூன்று செய்திகள். எங்கள் பக்கத்து மரத்தில் பால் வடித்துச் செய்யும் இயற்கை ரப்பர் அதிர்வுக்கு மிக நல்லது. எண்ணெயும் சூடும் பட்டால் கெடும். எண்ணெய் படும் இடத்துக்கு நியோப்ரீன் மேல். அடுத்து, ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது; ஆகவே எஞ்சினிலிருந்து உடலுக்குத் தனியாக எர்த் கம்பி இட வேண்டும்.

மூன்றாவதே உயிர்நிலை. ரப்பர் ஒருநாள் கிழியும். கிழிந்தாலும் எஞ்சின் கழன்று விழாதபடி, நடுவே போல்ட்டும் இருபுறமும் அகன்ற வாஷரும் கொண்ட தாங்கியாக இருத்தல் வேண்டும். மூக்கிலுள்ள எஞ்சின் விழுந்தால் பாரமெல்லாம் பின்னே சாய்ந்துவிடும். அதன்பின் எந்த விமானியாலும் அதை அடக்க இயலாது. ஜீப்பில் நான் செய்த பிழைக்கு மாமாவின் ஏச்சோடு போயிற்று. வானத்தில் இறங்கித் திருத்த இடமில்லை. ஆதலால் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்த பின்னரே ரப்பரில் கை வைக்க வேண்டும்.