யோகாவில் அரியர் கிடையாது

செமஸ்டர் தொடங்கிய முதல் மாதம் தினமும் காலையில் யோகா செய்திருப்பீங்க. அப்புறம் இன்டர்னல் வந்திருக்கும், ப்ராஜெக்ட் ரிவ்யூ வந்திருக்கும், நடுவில் ஒரு வாரம் காய்ச்சல் வேற. இப்போ யோகா மேட் ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடக்கும். மூணு மாசம் ஓடிப்போச்சு. மறுபடியும் ஆரம்பிக்கணும்னு ஆசை இருக்கு. எங்கிருந்து ஆரம்பிப்பது?

இந்த இடத்தில் நம்மில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். விட்டதை எல்லாம் ஒரே வாரத்தில் பிடித்துவிடலாம் என்று முதல் நாளே 24 சூரிய நமஸ்காரம் போட்டுவிட்டு, மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் தவிப்பது ஒன்று. "இவ்ளோ நாள் விட்டாச்சு, இனிமே எதுக்கு?" என்று மொத்தமாக விட்டுவிடுவது இன்னொன்று. பார்க்க எதிரெதிராக இருந்தாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். விட்ட நாட்களை நாம் அரியர் மாதிரி நினைக்கிறோம். முதல் ஆள் அத்தனையையும் ஒரே மூச்சில் க்ளியர் பண்ணப் பார்க்கிறார். இரண்டாவது ஆள் அரியர் எண்ணிக்கையைப் பார்த்தே பயந்து ஒதுங்குகிறார்.

யோகாவில் அரியர் கிடையாது. விட்ட நாள் விட்டதுதான், அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. இன்றைக்கு இருக்கும் உடம்புக்கு இன்றைய பயிற்சி, அவ்வளவுதான்.

கிரிவலக் கணக்கு

நம்ம திருவண்ணாமலையில் இதற்கு நல்ல உதாரணம் கண்முன்னாடியே இருக்கு. மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மக்கள் வெறுங்காலோடு சுற்றி வருகிறார்கள். வழியில் இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள். ஒவ்வொன்றிலும் நின்று, கும்பிட்டு, மறுபடி நடக்கலாம்.

மூணு பௌர்ணமி வர முடியாமல் போன ஒருவர் நாலாவது பௌர்ணமிக்கு வந்தால் என்ன செய்கிறார்? நாலையும் சேர்த்து 56 கிலோமீட்டர் நடப்பதில்லை. அன்றைக்கு உண்டான 14 கிலோமீட்டரைத்தான் நடக்கிறார். ஏன் போன மாசம் வரலைன்னு மலையும் கேட்பதில்லை. வேகத்துக்கும் ஒரு மரபு உண்டு. நிறைமாத கர்ப்பிணி நடப்பது போல மெதுவாக நடக்கணும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். திரும்பி வருகிற எந்தப் பயிற்சிக்கும் இந்த இரண்டும் போதும்: பழைய பாக்கியைச் சேர்க்காதே, அவசரப்படாதே.

இடைவெளி புதிதல்ல

பயிற்சி அறுந்து போவது நம் தலைமுறையின் பிரச்சினை மட்டும் இல்லை. பதஞ்சலியின் யோக சூத்திரம் சாதகனுக்கு வரும் தடைகள் ஒன்பதைப் பட்டியல் போடுகிறது. நோய், மந்தம், சந்தேகம், கவனக்குறைவு, சோம்பல் எல்லாம் அதில் உண்டு. பட்டியலில் கடைசியாக வருவது, எட்டிய நிலையில் நிலைத்து நிற்க முடியாமல் போவது. அதாவது நாம் சறுக்குவோம் என்பது சிலபஸிலேயே இருக்கிறது!

பெரிய ஆசிரியர்களுக்கும் இது நடந்திருக்கிறது. உலகம் முழுக்க யோகாவைக் கொண்டுபோனவர்களில் ஒருவரான பி.கே.எஸ். அய்யங்கார், 1979-ல் அடுத்தடுத்து இரண்டு ஸ்கூட்டர் விபத்துகளில் அடிபட்டார். அப்போது அவருக்கு 60 வயது. பல பத்தாண்டுகள் பழகிய உடம்பு சாதாரண ஆசனத்துக்கே ஒத்துழைக்கவில்லை. அடிப்படை ஆசனங்களிலிருந்து மறுபடி தொடங்கினார். பழைய நிலைக்குப் பக்கத்தில் வரவே பல வருடங்கள் ஆயின. அவருக்கே அப்படி என்றால், மூணு மாச இடைவெளிக்கு நாலு வாரம் கொடுப்பது ஒன்றும் அதிகம் இல்லை.

உடம்புக்குள் என்ன நடந்திருக்கும்?

இதைக் கொஞ்சம் இன்ஜினியரிங் கண்ணோடு பார்ப்போம். பயிற்சியை நிறுத்திய சில வாரங்களிலேயே மூச்சுத்திறனும் இதயத்தின் தாங்குதிறனும் குறையத் தொடங்கும். தசை வலிமை இன்னும் கொஞ்ச காலம் தாங்கும். வளைவுத்தன்மை மெல்ல மெல்லக் குறையும். ஆனால் ஆசனம் செய்யும் முறையை மூளை லேசில் மறக்காது. சைக்கிள் ஓட்டுவது மாதிரிதான்.

ஆபத்தும் இங்கேதான் இருக்கு. சாஃப்ட்வேர் பழைய வெர்ஷனில் ஓடுது, ஹார்டுவேர் தேய்ந்திருக்கு. "நான்தான் முன்னாடி நெற்றியை முழங்காலில் வெச்சேனே" என்று பச்சிமோத்தாசனத்தில் இழுத்தால், தொடையின் பின்தசையோ கீழ்முதுகோ பிடித்துக்கொள்ளும்.

தசைக்குள் நீட்சியை அளக்கும் உணர்விகள் இருக்கின்றன. வெடுக்கென்று இழுத்தால், தசை தன்னைக் காத்துக்கொள்ள உடனே சுருங்கும். மெதுவாக நீட்டி அதே நிலையில் நிறுத்தினால் உள்ளே இருக்கும் இழுவிசை நேரம் ஆக ஆகத் தளரும். மெட்டீரியல்ஸ் பாடத்தில் படித்த ஸ்ட்ரெஸ் ரிலாக்சேஷன் இதேதான். அதனால் நீட்சியில் அவசரம் காட்டினால் லாபம் இல்லை, நஷ்டம்தான்.

மூச்சிலிருந்து தொடங்குங்க

1896-ல் 16 வயதில் திருவண்ணாமலைக்கு வந்து, 1950-ல் மறையும் வரை இந்த ஊரை விட்டுப் போகாத ரமண மகரிஷி ஆசனம் கற்றுத்தந்தவர் அல்ல. ஆனால் 'உபதேச உந்தியார்' நூலில் மூச்சுக்கும் மனதுக்கும் மூலம் ஒன்றே என்கிறார். மூச்சு அடங்கினால் மனமும் அடங்கும், ஆனால் அந்த அடக்கம் தற்காலிகமானது என்றும் எச்சரிக்கிறார். மூச்சை அடக்கச் சிரமப்படுபவர்கள் அதைக் கவனித்துக்கொண்டிருந்தாலே போதும் என்பதும் அவர் காட்டிய வழி.

திரும்பி வருகிறவர்களுக்கு இது ரொம்ப வசதி. மூச்சைக் கவனிக்க வளைவுத்தன்மை வேண்டாம், மேட் கூட வேண்டாம். ஆசனம் செய்யும்போதும் அதுவே மீட்டர். மூச்சு மூக்கு வழியாகச் சீராகப் போனால் அளவு சரி. திணறினாலோ, தெரியாமலே அடக்கிக்கொண்டாலோ அளவு அதிகம். உடனே குறைத்துவிடுங்க.

ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்தது வரை

இரண்டு பௌர்ணமிக்கு இடையே சுமார் 29½ நாள். நாலு வாரத் திட்டத்துக்குச் சரியாக இருக்கும்.

முதல் வாரம், தினம் 10 நிமிடம்: இரண்டு நிமிடம் மூச்சைக் கவனியுங்க. கழுத்து, தோள், இடுப்பு, கணுக்கால் மூட்டுகளை மெல்ல அசையுங்க. பிறகு தாடாசனம், மகராசனம். கடைசி மூன்று நிமிடம் சவாசனம். "இவ்ளோதானா?" என்று தோன்றும். தோன்றட்டும்.

இரண்டாம் வாரம், 15 நிமிடம்: சூரிய நமஸ்காரம் இரண்டில் தொடங்கி நாலு சுற்று வரை. குனியும்போது முழங்காலை மடக்கிக்கொள்ளலாம். கூடவே புஜங்காசனம்.

மூன்றாம் வாரம், 20 நிமிடம்: சூரிய நமஸ்காரம் ஆறு சுற்று. திரிகோணாசனம், வீரபத்ராசனம். முடிவில் மூச்சை நிறுத்தாமல் நாடிசுத்தி.

நான்காம் வாரம், 25 முதல் 30 நிமிடம்: பழைய ஆசனங்களில் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்க. ஒரே நாளில் இரண்டு வேண்டாம்.

இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் அதே அளவில் தொடருங்க, இரட்டிப்பு வேண்டாம். ஒரு வாரம் விட்டுப்போனால் திட்டத்தில் ஒரு வாரம் பின்னால் போங்க. தேர்வு நேரத்தில் முதல் வார அளவுக்கு இறங்கிக்கொள்ளுங்க. 10 நிமிடம் செய்தால் பயிற்சி அறுந்ததாகாது.

சில எச்சரிக்கைகள்

சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம் மூன்றையும் முதல் மாதம் தொடாதீங்க. அதற்குப் பிறகும் ஆசிரியர் முன்னால்தான். வீடியோ பார்த்து வேண்டாம். அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு, டெங்கு மாதிரி கடும் காய்ச்சலுக்குப் பிறகு என்றால் முதலில் மருத்துவரைக் கேளுங்க. மெஸ்ஸில் முழுச் சாப்பாடு முடித்து மூன்று மணி நேரமாவது ஆகட்டும். தசையில் லேசான இழுப்பு இயல்பு. மூட்டில் குத்தும் வலி, மரத்துப்போவது, தலைசுற்றல் வந்தால் நிறுத்திவிடணும். நம்ம ஊர் வெயிலுக்குக் காலை ஆறு மணிக்குள் தொடங்குவது நல்லது. கிரிவலத்தையே பயிற்சியாக எடுப்பவர்கள் முதல் நாளே 14 கிலோமீட்டர் போகாமல், இரண்டு லிங்கம் வரை போய்த் திரும்பிப் பாருங்க.

இன்றைக்கு ராத்திரி படுக்கும் முன் கட்டிலுக்கு அடியில் இருந்து மேட்டை எடுத்து, தூசி தட்டி, விரித்து வைத்துவிடுங்க. நாளைக் காலையில் எழுந்ததும் அதில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் மூச்சைக் கவனிக்கணும். மீதி எட்டு நிமிடத்தை அப்புறம் பார்த்துக்கலாம்.