பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை



பள்ளியில் மதிய இடைவேளை. நம் பிள்ளை டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டுகிறது. "உங்க வீட்டுச் சாப்பாடா? வேணாம்டா" என்று ஒருவன் சிரிக்கிறான். அடிதடி இல்லை, ஆசிரியரிடம் புகார் சொல்லவும் பெரிதாக ஒன்றுமில்லை. மறுநாளிலிருந்து நம் பிள்ளை தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறது.

இதையே நம் பிள்ளைகளும் பிறருக்குச் செய்கிறார்கள். வடநாட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பையனின் தமிழை நையாண்டி செய்கிறார்கள். உர்தூ பேசும் வீட்டுப் பிள்ளையும் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளையும் ஒருவருக்கொருவர் பட்டப்பெயர் வைத்துக்கொள்கிறார்கள். அல் ஹுஜுராத் அத்தியாயத்தின் 11-ஆவது வசனம் கேலியையும் பட்டப்பெயரையும் நேரடியாகவே தடுக்கிறது. அதை ஓதக் கற்றுக்கொடுக்கிறோம், பழக்கிக் கொடுப்பதில்லை.

பழக்குவதற்கு நடித்துப் பார்ப்பது நல்ல வழி. நாடகமா என்று ஹள்ரத்மார்கள் தயங்க வேண்டாம். மேடையும் ஒப்பனையும் இல்லை, மக்தப் பாடம் முடிந்து பத்து நிமிடம்தான். ஸஹாபாக்களாக யாரும் நடிக்கவும் கூடாது. அபூதர் (ரலி) ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவாகப் பேசியதையும், அதை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததையும் கதையாகச் சொல்லுங்கள். நடிப்புக்கு நம் தெருவே போதும்.

உதாரணமாக, நோன்புக் கஞ்சி வரிசை. தூக்குவாளியோடு வேறு சமயத்துச் சிறுமி ஒருத்தி நிற்கிறாள். "நீ எதுக்கு வந்தே?" என்று ஒருவன் தள்ளுகிறான். அந்த இடத்தில் உஸ்தாத் கைதட்டி நிறுத்துவார். பக்கத்தில் பார்த்துக்கொண்டிருக்கும் மூன்றாவது பிள்ளையிடம், "இப்ப நீ என்ன செய்வே?" என்று கேட்பார்.

முக்கியமான வேடம் இதுதான். முதலில் பிள்ளைகள் பயான் செய்வார்கள்: "எல்லாரும் சமம், அப்படிப் பேசக் கூடாது." வராந்தாவில் அது எடுபடாது. இன்னொரு பிள்ளையை எழுப்பி அதே இடத்தில் நிறுத்துங்கள், பிறகு இன்னொன்றை. நாலைந்து முறைக்குப் பின் ஒன்று தானாக வரும்: "வா, எனக்கு முன்னாடி நில்லு." 1970-களில் பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவாலும் இப்படித்தான் பார்வையாளர்களையே எழுந்துவந்து நடிக்க வைத்தார்.

ஒரு எச்சரிக்கை. நிஜத்தில் கேலிக்கு ஆளான பிள்ளைக்கு அதே வேடத்தைக் கொடுத்துவிடாதீர்கள்; கூட்டம் சிரித்தால் அது இரண்டாவது காயம். யாருடைய பேச்சையும் நிறத்தையும் நடித்துக் காட்ட வேண்டாம். முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் தன் சொந்தப் பெயரைச் சொல்லி உட்காரட்டும். தள்ளியவனாக நடித்தவனை வீட்டுக்குப் போகும் வழியில் யாரும் அந்த வேடத்தைச் சொல்லி அழைக்கக் கூடாது.

வீட்டில் இன்றிரவு, "உன்னை யாராவது கேலி செஞ்சாங்களா?" என்று மட்டும் கேட்காமல், "இன்னிக்கு யாரு தனியா சாப்பிட்டா?" என்றும் கேளுங்கள்.