வேகமாக நடப்பதாகத் தோன்றுவதும் வேகமாக நடப்பதும்

மென்பொருள் எழுதுவோரின் கைக்குச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்து சில வருடங்களே ஆகின்றன. அதற்குள் அவர்களிடம் எதிர்பார்க்கப்படும் வேலையின் அளவு மாறிவிட்டது. கனடாவின் ஷொப்பிஃபை நிறுவனத்தின் பிரதம நிறைவேற்று அதிகாரி டோபி லுட்கே, 2025 ஏப்ரலில் வெளியிட்ட சுற்றறிக்கையில், மேலதிக ஆட்களைக் கேட்கும் முன் அந்த வேலையைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஏன் செய்ய முடியாது என்பதைக் காட்ட வேண்டும் என்றார். ஊழியர் மதிப்பீட்டிலும் இக்கருவிகளின் பாவனை கவனிக்கப்படும் என்றார்.

இதைக் கேள்விப்படும் வியாபாரி, "அப்படியானால் எனது கடையின் பில் மென்பொருளைப் பாதி விலைக்கு, பாதி நாளில் செய்து தரலாமே!" என்று கேட்பது இயல்பு. கேட்பதற்கு முன்னர் இரண்டு பரிசோதனைகளை அறிந்து கொள்வது நல்லது.

முதலாவது, மைக்ரோசொப்ட் மற்றும் கிட்ஹப் ஆய்வாளர்கள் பங்குகொண்டு 2023இல் வெளியிட்டது. 95 பேரை இரு பிரிவாக்கி, ஒரே சிறிய வேலையை ஆரம்பத்திலிருந்து செய்யச் சொன்னார்கள். கருவி இல்லாதவர்களுக்குச் சராசரியாக 2 மணித்தியாலம் 41 நிமிடம் சென்றது. கோபைலட் என்ற கருவியைப் பாவித்தவர்களோ 1 மணித்தியாலம் 11 நிமிடத்தில் முடித்தார்கள்.

இரண்டாவது, அமெரிக்காவின் மீட்டர் என்ற ஆய்வு நிறுவனம் 2025 ஜூலையில் வெளியிட்டது. அனுபவமிக்க 16 பேர், தாம் பல வருடங்களாகப் பராமரித்து வந்த பெரிய மென்பொருட்களில் 246 வேலைகளைச் செய்தார்கள். கருவியைப் பாவித்தால் நேரம் 24 வீதம் குறையும் என்று அவர்கள் முன்கூட்டியே மதிப்பிட்டார்கள். முடிந்த பின்னரும் 20 வீதம் குறைந்ததாகவே நம்பினார்கள். அளந்து பார்த்தபோது 19 வீதம் கூடியிருந்தது!

ஏன் இந்த வேறுபாடு? புதிய, சிறிய வேலையில் கருவி எழுதித் தருவதை அப்படியே பாவிக்கலாம். பழைய, பெரிய வேலையிலோ அது தருவதை வாசித்து, சரிபார்த்து, திருத்த வேண்டும். அங்கே நேரம் போய்விடுகிறது. கருவிகள் அதன் பின்னர் மேலும் முன்னேறியிருப்பதால் 19 என்ற எண்ணை நிரந்தரமாகக் கொள்ள வேண்டியதில்லை. வேலை செய்தவரின் மதிப்பீடே அளவீட்டுக்கு நேர்மாறாக இருந்தது என்பதுதான் நமக்குப் பாடம்.

மென்பொருள் செய்விக்கும் வியாபாரிகள் இதிலிருந்து மூன்று விடயங்களைக் கவனிக்கலாம்.

ஒன்று, வேலையின் தன்மையைக் கேட்டறியுங்கள். புதிதாக ஒரு சிறிய பட்டியல் செய்விப்பதும், பத்து வருடக் கணக்குகள் உள்ள மென்பொருளில் கை வைப்பதும் ஒன்றல்ல. முன்னையதில் விலைக் குறைப்புக் கேட்பது நியாயம்.

இரண்டு, சரிபார்க்கும் நாட்களைக் குறைக்காதீர்கள். வாடிக்கையாளர் திருப்பித் தந்த பொருளை இருப்பில் சேர்க்க மென்பொருள் தவறினால், அது அன்று தெரியாது. வருட இறுதியில் சரக்கு எண்ணும்போதே தெரியும். அந்த நட்டம் உங்களுடையது.

மூன்று, உங்களிடமே மென்பொருள் ஊழியர் இருந்தால், இலக்கை இரட்டிப்பாக்கும் முன் இரண்டு மாதங்களுக்கு ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள்: வேலை எப்போது தொடங்கியது, பிழையின்றி எப்போது முடிந்தது, பின்னர் எத்தனை தடவை திருத்தப்பட்டது. அளக்காமல் இலக்கைக் கூட்டினால், அவசரத்தில் சரிபார்க்காத வேலையே கைக்கு வரும். நல்ல ஊழியரும் விலகிப் போவார்.

லாச்சியில் காசு நிறைந்திருப்பதைக் கண்டு எந்த வியாபாரியும் இலாபம் என்று முடிவு செய்வதில்லை. கொடுக்க வேண்டிய கடனைக் கழித்த பின்னரே சொல்வார். மென்பொருள் வேலையின் வேகத்தையும், சரிபார்க்கவும் திருத்தவும் சென்ற நேரத்தைக் கழித்துப் பார்த்தே சொல்ல வேண்டும்.