விற்பவர் மறுத்தால் மனை கிடைக்குமா?

கேள்வி: மனைக்கு அட்வான்ஸ் கொடுத்துக் கிரய ஒப்பந்தம் போட்டோம். விற்பவர் பத்திரம் எழுதித் தர மறுக்கிறார். வழக்குப் போட்டால் பணம் மட்டும்தான் திரும்பக் கிடைக்குமா?

பதில்: மனையே கிடைக்கலாம். 'ஏற்றதை ஆற்றுதல்' என்ற பரிகாரம் அதற்குத்தான் இருக்கிறது. தீர்ப்புக்குப் பிறகும் விற்பவர் அடம்பிடித்தால், அவர் சார்பில் நீதிமன்றமே கையெழுத்திட்டுக் கிரயம் செய்து கொடுக்கும். வழக்கு முடிவதற்குள் மனை கைமாறாமல் இருக்க இடைக்காலத் தடையும் கேட்கலாம்.

ஆனால் மீதிப் பணத்தோடு தயாராக இருந்ததை வாங்குபவர் நிரூபிக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். 1978-ல் மதுரையில் ஒரு வீட்டுக்கு 60,000 ரூபாய் விலை பேசி, 5,000 ரூபாய் முன்பணம் கொடுத்தார் ஒருவர். கெடு ஆறு மாதம். அவரோ இரண்டரை ஆண்டு சும்மா இருந்துவிட்டார். அதற்குள் மதுரையில் விலை எகிறிவிட்டது. வீட்டை அவருக்குத் தர 1997-ல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அன்று சொத்தையே தர உத்தரவிடுவது நீதிபதியின் விருப்புரிமை. 2018-ல் வந்த சட்டத் திருத்தம் அதைச் சுருக்கியது. தயார்நிலைக்கான சான்று மட்டும் இன்றும் கட்டாயம்.

முன்பணத்தை மாற்றுப் பரிகாரமாகப் பிராதிலேயே கேட்டுவிடுவது நல்லது. கேட்காததை நீதிமன்றம் தானாகத் தராது. ஒப்பந்தத்தில் கெடு தேதி இருந்தால் அன்றிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும்.