84 டிகிரியில் கொதித்த நீர்

வீராம்பட்டினம் கடற்கரை ஊர். இங்கே எங்கள் அடுப்பில் கொதிக்கும் நீரில் வெப்பமானியை வைத்தால், பாடநூலில் உள்ளபடியே 100 டிகிரி செல்சியஸ் காட்டும். ஒரு கோடை விடுமுறையில் லடாக்கிலுள்ள புகா பள்ளத்தாக்குக்குக் குடும்பத்துடன் சென்றபோது, அதே வெப்பமானியையும் பெட்டியில் வைத்துக்கொண்டேன். (இயற்பியல் ஆசிரியரின் பெட்டியில் வேறென்ன இருக்கும் என்று வீட்டில் கேலி செய்தார்கள்.)

லே நகரில் இரண்டு நாள் தங்கி, உயரத்திற்கு உடலைப் பழக்கிக்கொண்ட பின் புறப்பட்டோம். சாலை சிந்து நதியை ஒட்டியே தென்கிழக்காகச் செல்கிறது. புகா, கடல்மட்டத்திலிருந்து சுமார் 4,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பத்தடி நடந்தாலே மூச்சு வாங்குகிறது. தரையெங்கும் வெள்ளைப் பூச்சு. நம் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் வெண்காரந்தான் அது! ஆங்காங்கே மஞ்சள் நிறத்தில் கந்தகம். காற்றில் அழுகிய முட்டை நாற்றம். ஹைட்ரஜன் சல்ஃபைடின் வேலை.

"எரிமலை எங்கே அப்பா?" என்றாள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள்.

உங்களில் பலரும் இதையே கேட்பீர்கள். வெந்நீர் ஊற்றுக்கு எரிமலை கட்டாயமில்லை. இந்தியாவில் இன்று உயிருடன் இருக்கும் எரிமலை அந்தமான் கடலிலுள்ள பேரன் தீவில் மட்டுமே. பூமியில் எங்கே துளையிட்டாலும், ஒரு கிலோமீட்டர் ஆழத்திற்கு ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி வரை வெப்பம் கூடும். நம் ஊருக்கு அடியிலும் அப்படித்தான். இந்திய நிலத்தட்டு ஆசியத் தட்டுடன் மோதிய எல்லையை ஒட்டிய புகாவிலோ, வெப்பம் இதைவிட மிக விரைவாகக் கூடுகிறது. மழைநீரும் பனிநீரும் பாறைப் பிளவுகளின் வழியே கீழிறங்கிச் சூடேறி, வேறு பிளவுகளின் வழியே மேலே வருகின்றன.

குமிழியிட்டுக்கொண்டிருந்த ஓர் ஊற்றை நோக்கி மகள் ஓடினாள். வண்டி ஓட்டுநர் சட்டென்று அவள் கையைப் பிடித்து இழுத்தார். ஊற்றைச் சுற்றியுள்ள வெள்ளைப் பொருக்கு மெல்லியது, மிதித்தால் உடையும், அடியில் இருப்பது கொதிசேறு. பிறகு நீண்ட கோலின் நுனியில் வெப்பமானியைக் கட்டி நீட்டினோம். 84 டிகிரி!

"100 வரவில்லையே, இது கொதிக்கவில்லை, வெறும் வாயுக் குமிழிதான்" என்றாள் மகள். குமிழிகளில் வாயுக்களும் உண்டு, உண்மைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திற்குக் கொதிநிலை 1 டிகிரி குறையும். 4,400 மீட்டருக்கு ஏறக்குறைய 15 டிகிரி. ஆகவே அங்கே நீரின் கொதிநிலையே 85 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும்! அங்கே பருப்பை வேகவைக்கக் குக்கர் வேண்டும்.

அப்படியானால் பூமிக்கடியிலும் 84 டிகிரிதானா? இல்லை. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 1970-களிலிருந்து புகாவில் ஆழ்துளைகள் இட்டு ஆராய்ந்தது. ஆழமானது சுமார் 385 மீட்டர். துளைகளில் 140 டிகிரி வரை வெப்பம் பதிவாயிற்று. 140 டிகிரியில் நீர் எப்படி நீராகவே இருக்கிறது? மேலுள்ள நீரின் எடைதான் காரணம். 10 மீட்டர் நீர் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் தரும். 30 மீட்டருக்கு மூன்று. புகாவின் காற்றழுத்தம் 0.6 அளவு. மொத்தம் 3.6. அந்த அழுத்தத்தில் நீரின் கொதிநிலை சரியாக 140 டிகிரியை ஒட்டி வருகிறது. வீட்டுக் குக்கரில் இரண்டு வளிமண்டல அழுத்தம், 120 டிகிரி, அவ்வளவே.

அந்த நீர் மேலே வர வர அழுத்தம் குறைகிறது. ஒரு பகுதி நீராவியாகி, மிகுதி வெப்பத்தை எடுத்துச் சென்றுவிடுகிறது. ஊற்றின் வாயை அடையும்போது எஞ்சுவது அவ்வூர்க் கொதிநிலை மட்டுமே. எங்கள் வெப்பமானி சொன்னது அங்குள்ள காற்றழுத்தத்தைத்தான். கீழுள்ள வெப்பத்தை அறியத் துளைதான் போடவேண்டும். இந்த வெப்பத்திலிருந்து முதற்கட்டமாக ஒரு மெகாவாட் மின்சாரம் எடுக்க, எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகம் 2021 பிப்ரவரியில் லடாக் நிருவாகத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது.

அடுத்த விடுமுறையில் உதகைக்குச் செல்பவர்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒரு வெப்பமானியை இரவல் கேளுங்கள். உதகையின் உயரம் சுமார் 2,240 மீட்டர். அங்கே கொதிநீர் என்ன காட்டும் என்று கணக்கிட்டு, புறப்படுமுன் தாளில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள்.